காற்று, நீர், எண்ணெய்: இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் ஏன் தோற்கிறது?

செவ்ரலே மாலிபு, செவ்ரலே இம்பாலா, பாண்டியாக் கிராண்ட் ஆம், ப்யூக் செஞ்சுரி, ஓல்ட்ஸ்மொபீல் அலெரோ, செவ்ரலே வென்ச்சர் என்று 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் விற்ற குடும்பக் கார்கள் பல. பெயர்ப்பலகை வேறு வேறாக இருந்தாலும் பானெட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே இன்ஜின்தான் இருக்கும். ஆறு சிலிண்டர் கொண்ட, 60 பாகை வி வடிவ 3100 அல்லது அதன் பெரிய தம்பி 3400. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பழைய பாணி புஷ்ராடு அமைப்பு. 1980இல் 2.8 லிட்டராகத் தொடங்கிய வம்சம் இது. அடிப்பகுதி அத்தனை உறுதியானது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். ஆனால் இவற்றில் பல, 1 லட்சம் கிலோமீட்டர் அளவிலேயே கூலண்டைக் குடிக்கத் தொடங்கின. சிலவற்றில் அந்தக் கூலண்ட் ஆயிலில் கலந்து கிராங்க் பேரிங்குகளைத் தின்று, இன்ஜினையே முடித்துவிட்டது. காரணமாக நின்றது, கீழ் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கேஸ்கட்.

இந்தக் கேஸ்கட்டைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. கூலண்ட்தான் தின்றது என்கிறார்கள் ஒரு சாரார். கேஸ்கட்டின் பிளாஸ்டிக்தான் மட்டம் என்கிறார்கள் இன்னொரு சாரார். வண்டிக்காரர் ரேடியேட்டரைத் திறந்தே பார்க்கவில்லை என்பது நிறுவனத்தின் பக்கமிருந்து எழுந்த குரல். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது என்பது என் முடிவு. வெந்நீரும் காற்றும் ஆயிலும் சந்திக்கும் ஒரு பொருத்தில், பிரிவினை முழுவதையும் ஒரே கேஸ்கட்டிடம் ஒப்படைத்த வடிவமைப்புதான் அது. அதை ஒப்புக்கொண்டால் பழுது பார்க்கும் முறையும் மாறும். கேஸ்கட்டை மாற்றிவிட்டோம் என்று நிறைவடைய மாட்டோம். அந்தப் பொருத்து என்ன கேட்கிறது என்று பார்ப்போம்.

முதலில் அதன் வேலையைச் சொல்ல வேண்டும். வி வடிவ இன்ஜினில் இரண்டு ஹெட்டுகள் சாய்ந்து நிற்க, நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தின் மேல் மூடிபோல உட்காருவது கீழ் மேனிஃபோல்டு. அதன் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போகிறது. பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது உள்ளே பாதரச மானியில் 18 முதல் 21 அங்குலம் வரை வெற்றிடம் இருக்கும். எங்கே சந்து கிடைத்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் நிலை. அதே மேனிஃபோல்டின் முனையில் இரு ஹெட்டுகளிலிருந்தும் வரும் சூடான கூலண்ட் சேர்ந்து தெர்மோஸ்டாட்டுக்குப் போகிறது. அந்த நீர் அழுத்தத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1 பார் வரை தாங்கிப் பிடிக்கிறது. மேனிஃபோல்டின் அடியிலோ ராக்கர்களையும் கேம்ஷாஃப்டையும் நனைத்துவிட்டு வழியும் ஆயில். 3100இல் புஷ்ராடுகளே கேஸ்கட்டின் துளைகள் வழியாகத்தான் மேலேறுகின்றன. ஒரு பக்கம் உறிஞ்சும் காற்று, ஒரு பக்கம் தள்ளும் நீர், அடியில் ஆயில். மூன்றுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் அகலச் சுவர்.

அந்தச் சுவர் அசையாமலும் இருப்பதில்லை. அலுமினியம் ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஒரு மீட்டரில் 23 மைக்ரான் நீளும். வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீளும். ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு புகழ்பெற்ற இன்ஜினான 3800இல் ஹெட்டுகள் இரும்பு, கீழ் மேனிஃபோல்டு அலுமினியம். மேனிஃபோல்டின் நீளம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பனிக்காலக் காலையில் உறைநிலைக்குக் கீழே 10 பாகையில் ஸ்டார்ட் செய்து 90 பாகைக்குச் சூடாகும்போது மேனிஃபோல்டு 0.92 மி.மீ. நீள்கிறது, ஹெட் 0.46 மி.மீ.தான் நீள்கிறது. அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இந்த வித்தியாசத்தைக் கேஸ்கட் ஒவ்வொரு பயணத்திலும் உராய்ந்து தாங்க வேண்டும். 3100இல் ஹெட்டும் மேனிஃபோல்டும் அலுமினியம்தான் என்றாலும் இரு ஹெட்டுகளையும் பிடித்திருக்கும் பிளாக் இரும்பு. மேனிஃபோல்டு அந்த இரு கரைகளுக்கும் இடையே போட்ட பாலமாக இருப்பதால் அங்கும் இழுபறி உண்டு.

இத்தனை வேலைக்கும் 1990களில் கொடுக்கப்பட்ட கேஸ்கட், நைலான் சட்டத்தின் மேல் சிலிக்கான் ரப்பர் வரம்பு ஒட்டியது. பழைய காகித, நார் கேஸ்கட்டுகளைவிட இது மேல் என்றே பொறியாளர்கள் நினைத்தார்கள். காரணம் இருந்தது: சட்டம் கெட்டியாக நின்று அழுத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்தும், ரப்பர் வரம்பு மட்டும் நசுங்கி அடைக்கும். அந்தக் கணக்கு நைலான் கெட்டியாக இருக்கும் வரைதான் செல்லுபடியாகும். ஆண்டுக்கணக்கில் வெந்நீரிலும் கூலண்டிலுள்ள கிளைகாலிலும் ஊறிய நைலான் இளகுகிறது. போல்ட்டின் அழுத்தத்தில் மெல்லத் தட்டையாகிறது. சட்டம் தட்டையானால் போல்ட்டின் இழுவிசை தளரும். தளர்ந்ததும் ரப்பர் வரம்பின் ஓரத்தில் கூலண்ட் நுழையும். கழற்றிய பழைய கேஸ்கட்டுகளைப் பார்த்தால் நீர்த்துளையைச் சுற்றிச் சட்டம் அரிக்கப்பட்டு, சிலிக்கான் வரம்பு பிய்ந்து தொங்குவது கண்கூடு. காற்றுத் துளைகளைச் சுற்றி அதே கேஸ்கட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கெட்டது நீர் தொட்ட இடம்.

கூலண்ட் வழக்கு இங்கேதான் வருகிறது. 1990களின் நடுப்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகளில் பச்சை நிறக் கூலண்டை விட்டுவிட்டு, டெக்ஸ்கூல் என்ற ஆரஞ்சு நிறக் கூலண்டுக்கு மாறியது. பச்சையில் சிலிகேட் உப்புகள் உலோகத்தின் மேல் விரைவில் ஒரு படலம் கட்டிவிடும்; ஆனால் இரண்டு மூன்று ஆண்டில் தீர்ந்துபோகும். ஆரஞ்சில் கரிம அமிலங்கள், அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்து நெடுநாள் நீடிக்கும். 5 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வரை மாற்றத் தேவையில்லை என்று விளம்பரமானது. அந்த அமிலங்களில் முக்கியமான ஒன்று 2-எத்தில்ஹெக்ஸனாயிக் அமிலம். அது சில பிளாஸ்டிக்குகளையும் சிலிக்கானையும் இளகவைக்கும் என்பதே குற்றச்சாட்டின் வேர்.

வழக்குகள் பெருகின. 1990களின் நடுவிலிருந்து 2000களின் முற்பகுதி வரையிலான வண்டிகளுக்காக உரிமையாளர்கள் கூட்டாக வழக்காடினார்கள். 2008இல் சமரசம் ஏற்பட்டது. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, பழுதுச் செலவைப் பொறுத்து 50 முதல் 800 டாலர் வரை கொடுக்க இசைந்தது. இன்ஜினையே இழந்தவர்களுக்கு அது போதுமான தொகை அல்ல. ரசீதை வைத்திருக்காதவர்களும், காரை அதற்குள் விற்றுவிட்டவர்களும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் ஆறவில்லை. பழைய கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் புதிய கார் வாங்க வசதியில்லாதவர்தான். பழுதின் பாரம் அவர் தலையில்தான் இறங்கியது.

ஆனால் சமரசம் என்பது காரணத்தைத் தீர்மானிப்பதில்லை. கூலண்ட்தான் முழுக் குற்றவாளியா என்று சோதித்துப் பார்க்க அதே காலகட்டத்தின் இரண்டு இன்ஜின்கள் உதவுகின்றன. யாரும் திட்டமிடாமலே நடந்த சோதனைகள் அவை.

முதலாவது, ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8. கிரவுன் விக்டோரியா, கிராண்ட் மார்க்விஸ், டவுன் கார் ஆகியவற்றில் 1996 முதல் 2001 வரை முழுவதும் நைலானாலான இன்டேக் மேனிஃபோல்டு வந்தது. கூலண்ட் கடக்கும் முன்பக்கக் குறுக்குக் குழாயும் அதே பிளாஸ்டிக்தான். அந்த இடத்தில் மேனிஃபோல்டே வெடித்தது. டாக்சி ஓட்டிகளும் போலீஸ்காரர்களும் நாள் முழுக்க ஓட்டிய வண்டிகள் என்பதால் குறை விரைவில் தெரிந்தது. 2005இல் அதற்கும் கூட்டு வழக்கு சமரசமானது. திருத்திய மேனிஃபோல்டில் நீர் போகும் பகுதி மட்டும் அலுமினியமாக மாறியது. அந்த வண்டிகளில் ஊற்றப்பட்டிருந்தது பழைய பச்சைக் கூலண்ட். அங்கே டெக்ஸ்கூல் இல்லை. ஆனாலும் வெந்நீர் தொட்ட பிளாஸ்டிக் தோற்றது.

இரண்டாவது, ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த வீட்டிலேயே நடந்தது. 1997ஆம் ஆண்டு கார்வெட்டில் வந்த எல்எஸ்1 என்ற வி8. அதிலும் நைலான் மேனிஃபோல்டுதான், அதிலும் டெக்ஸ்கூல்தான். ஆனால் அந்த இன்ஜினின் வடிவமைப்பாளர்கள் கூலண்டை மேனிஃபோல்டுக்குள் விடவே இல்லை. தண்ணீர் பம்ப் வழியாகவே அதைச் சுற்றி அனுப்பிவிட்டார்கள். மேனிஃபோல்டு காற்றை மட்டும் கடத்துகிறது. அந்தக் குடும்ப இன்ஜின்களிலும் ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் இறுகி, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது காற்றுக் கசிவு வருவதுண்டு. செக் இன்ஜின் விளக்கு எரியும், பி0171, பி0174 என்ற குறியீடுகள் வரும். மாற்றினால் சரியாகிவிடும். அந்த வழியாக ஆயிலில் கூலண்ட் கலந்து பேரிங் போக வாய்ப்பே இல்லை. அதே கூலண்ட், அதே நிறுவனம், அதே காலம், மேனிஃபோல்டிலும் அதே வகைப் பிளாஸ்டிக். நீர்வழி விலக்கப்பட்டதும் சேதத்தின் அளவே சுருங்கிவிட்டது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலும் டெக்ஸ்கூலைக் குற்றமற்றது என்று விடுவிக்க முடியாது. ஏற்கெனவே பலவீனமான பொருத்தை அது விரைவுபடுத்தியிருக்கலாம். ஆனால் அது மட்டுமே காரணம் என்ற பரவலான நம்பிக்கை தவறு. அந்த நம்பிக்கை நடைமுறையில் கெடுதலும் செய்தது. பலர் கூலண்டைப் பச்சைக்கு மாற்றிவிட்டு, அதே நைலான் கேஸ்கட்டை மறுபடி வைத்து, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

3800இன் கதை கொஞ்சம் வேறு. 1995க்குப் பிந்தைய இரண்டாம் வரிசை 3800இல் மேல் மேனிஃபோல்டு பிளாஸ்டிக். எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே விடும் குழாய் அந்தப் பிளாஸ்டிக்கை ஊடுருவி நிற்கிறது. பக்கத்திலேயே கூலண்ட் வழி. குழாயின் சூட்டில் பிளாஸ்டிக் இற்றுப்போய்க் கூலண்ட் உள்ளே வழிந்தது. இரவில் நின்ற வண்டியின் சிலிண்டரில் கூலண்ட் நிறைந்தால் காலையில் ஸ்டார்ட்டர் சுழற்ற, அமுங்காத நீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். பிற்காலத்து மாற்றுப் பாகங்களில் குழாயை ஒல்லியாக்கி, அதைச் சுற்றி இடைவெளி விட்டார்கள். இங்கே கேஸ்கட்டை எத்தனை முறை மாற்றினாலும் மேல் மேனிஃபோல்டை மாற்றாமல் பயனில்லை.

நம் ஊரில் வெகுகாலம் ஓடிய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினோடு இவற்றை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசை இன்ஜின் அது. நேர்வரிசை நான்கு சிலிண்டர். இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கட்டின் மேல். நீர் அந்தப் பொருத்துக்கு வருவதே இல்லை. கேஸ்கட் போனால் ஐடிலிங் ஆடும், பிக்கப் குறையும், எக்ஸாஸ்ட் பக்கம் போனால் புஸ் புஸ்ஸென்று சத்தம் வரும். இன்ஜின் சாகாது. அங்கே சிக்கல் வேறு: ஒரே நட்டும் தடித்த வாஷரும் இன்டேக் விளிம்பையும் எக்ஸாஸ்ட் விளிம்பையும் சேர்த்து அழுத்துகின்றன. இரண்டின் தடிமனும் சமமாக இல்லையென்றால் ஒன்று இறுகும், மற்றது தளர்ந்தே கிடக்கும். புது கேஸ்கட் போட்டு ஒரு மாதத்தில் மறுபடி சத்தம் வரும் அம்பாசடர்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தடிமனைத்தான். பழைய கேஸ்கட்டுகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் காய்ந்தபடி சுரண்டி ஊதக் கூடாது. ஈரமாக்கிச் சுரண்டி, துடைத்தெடுக்க வேண்டும்.

பராமரிப்பின் பங்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 5 ஆண்டு தொடவே வேண்டாம் என்ற வாக்குறுதியால் பலர் ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கூலண்ட் மட்டம் குறைந்து காற்று உள்ளே போனால், கரிம அமிலக் கூலண்ட் உள்ள சில வண்டிகளில், குறிப்பாக இரும்புப் பாகங்கள் மிகுந்தவற்றில், துருவோடு சேர்ந்து சேறு கட்டியது. அந்தச் சேறு ரேடியேட்டர் மூடியின் அடைப்பில் ஒட்டி அழுத்தத்தைக் குறைத்தது. அழுத்தம் குறைய மேலும் காற்று. இது வண்டிக்காரரின் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. பார்க்க வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

இனி, கேஸ்கட் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்வது. வெளியே சொட்டு இல்லாமல் கூலண்ட் மாதாமாதம் குறைவதுதான் முதல் அடையாளம். வெளியே கசிந்தால் பெரும்பாலும் மேனிஃபோல்டின் மூலைகளில், கியர்பாக்ஸ் பக்கமாக வழிந்து, இனிப்பு வாடை தரும். காற்றுத் துளைக்குள் போனால் வெள்ளைப் புகை. அந்தச் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவியதுபோல் சுத்தமாக இருக்கும். நடுப் பள்ளத்துக்குள் போனால் ஆயிலில் கலக்கும். இதுதான் ஆபத்தானது. கிளைகால் கலந்த ஆயில் படலம் பேரிங்கைத் தாங்காது. அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும்.

ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் படலம் கண்டவுடன் பதறத் தேவையில்லை. குளிர் காலத்தில் கிட்டக் கிட்ட மட்டும் ஓடும் வண்டிகளில் வெறும் ஈரப்பதமே அப்படிப் படியும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் ஆயில் வடிகட்டும் போல்ட்டை மெல்லத் தளர்த்துவது எளிய வழி. கூலண்ட் ஆயிலைவிடக் கனமானதால் சம்ப்பின் அடியில் தங்கியிருக்கும். கலந்திருந்தால் முதலில் அதுதான் வரும். ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சோடியம், பொட்டாசியம் அளவே காட்டிக்கொடுக்கும். ரேடியேட்டரில் கைப் பம்ப்பால் 1 பார் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது பட்டறைச் சோதனை. ஹெட் கேஸ்கட் அல்ல என்று உறுதிசெய்ய, ரேடியேட்டர் வாயில் வரும் ஆவியை நீல நிறச் சோதனைத் திரவத்தின் வழி இழுப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் அது மஞ்சளாகும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மேனிஃபோல்டைக் கழற்றத் தொடங்குவது வீண் உழைப்பில் முடியலாம். காற்றுக் கசிவு மட்டும் என்றால் புகை விடும் கருவி பாதுகாப்பானது. சூடான இன்ஜின் மேல் எரியும் ஸ்பிரே அடித்துப் பார்க்கும் பழக்கம் எத்தனையோ பட்டறைகளில் உண்டு. தீப்பிடிக்கும் அபாயத்தை யாரும் சிறிதாக எண்ணக் கூடாது.

வேலையைப் பொறுத்தவரை, 3100இல் கேஸ்கட் மலிவு. போகும் வழிதான் நீளம். பெட்ரோல் குழாயில் அழுத்தத்தை இறக்க வேண்டும். மேல் மேனிஃபோல்டு, இன்ஜெக்டர் வரிசை, வால்வு கவர்கள், குறுக்கே நிற்கும் பிராக்கெட்டுகள் எல்லாம் வெளியே வர வேண்டும். இன்ஜின் குறுக்காகப் படுத்திருப்பதால் பின் வரிசைக்குக் கை நுழைவதே சிரமம். பின்பு ராக்கர்களைக் கழற்றி, புஷ்ராடுகளை உருவ வேண்டும். பல புது மெக்கானிக்குகள் இடறும் இடம் இது. இன்டேக் புஷ்ராடு குட்டை, எக்ஸாஸ்ட் நீளம். வித்தியாசம் ஒரு செ.மீ.க்கும் குறைவு. மாற்றிப் போட்டால் வால்வு முழுதாக மூடாது, அல்லது புஷ்ராடு வளையும். ஒரு அட்டையில் துளையிட்டு, எந்தச் சிலிண்டரில் எது இருந்ததோ அந்த வரிசையில் குத்தி வைப்பதைவிட நல்ல முறை இல்லை.

பழைய கேஸ்கட் எச்சத்தை எடுப்பதில்தான் நல்ல இன்ஜின்கள் பல கெட்டிருக்கின்றன. ஏர் கிரைண்டரில் நார் வட்டு மாட்டித் தேய்த்தால் அலுமினியம் நிமிடத்தில் பளபளக்கும். ஆனால் அந்த வட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு துகள் நடுப் பள்ளத்தின் வழியாக ஆயிலுக்குள் போய், பேரிங்கை உப்புத்தாள்போல் அரைக்கும். இதனால் இன்ஜின்கள் செத்ததைக் கண்டு, ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் மையங்களுக்கு அந்த வட்டுகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று தனி அறிவிப்பே அனுப்பியது. கேஸ்கட்டை மாற்றிய இரண்டாம் மாதம் அடி இன்ஜினில் சத்தம் வந்தால், கூலண்டின் மேல் பழி போடுமுன் இதையும் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் சுரண்டி, கரைப்பான், பொறுமை இவை போதும். துளைகளிலும் பள்ளத்திலும் துணி அடைத்து, கடைசியில் வாக்குவம் வைத்து இழுக்க வேண்டும்.

முகம் சுத்தமானதும் நேர்விளிம்பு வைத்து மட்டம் பார்க்க வேண்டும். நீர்த்துளையைச் சுற்றி அரித்த குழிகள் ரப்பர் வரம்பு உட்காரும் இடம் வரை வந்திருந்தால் புது கேஸ்கட்டும் அங்கே கசியும். வெல்டிங் வைத்துச் சீவ வேண்டும், அல்லது மேனிஃபோல்டை மாற்ற வேண்டும். ஹெட்டை முன்பே யாராவது அதிகமாகச் சீவியிருந்தால் மேனிஃபோல்டு சாய்முகத்தில் சரியாக உட்காராது. துளைகள் நேர் கோட்டில் வராது. பழைய இன்ஜினில் முந்தைய வேலையின் கணக்கு தெரியாதபோது, கேஸ்கட் இல்லாமல் ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்லது.

எந்தக் கேஸ்கட் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. உலோகச் சட்டத்தின் மேல் ஃபுளோரோ ரப்பர் வார்த்தது. ஃபெல்-ப்ரோ போன்ற நிறுவனங்கள் இதைக் கொண்டுவந்த பிறகே இந்த இன்ஜின்களில் மறுபழுது அருகியது. ஜெனரல் மோட்டார்ஸும் பிற்காலத்தில் தன் வடிவத்தைத் திருத்தியது. கடையில் பழைய சரக்காகக் கிடைக்கும் நைலான் சட்டத்தை, விலை குறைவு என்பதற்காக, வாங்கக் கூடாது. ரப்பர் வரம்பின் மேல் பேஸ்ட் எதையும் தடவக் கூடாது, வழுக்கி நகரும். சிலிக்கான் பேஸ்ட், பிளாக்கின் முன் பின் விளிம்புகளிலும் நான்கு மூலைகளிலும் மட்டும். அந்த இடத்தில் ஆயில் துளி இருந்தாலும் ஒட்டாது. ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்காத வகைப் பேஸ்ட்டாக இருக்க வேண்டும். வினிகர் வாடை வீசும் சாதாரண சிலிக்கான் இதற்கு ஏற்றதல்ல. பேஸ்ட் காயுமுன் மேனிஃபோல்டை நேராக இறக்கிவிட வேண்டும்; வைத்தபின் தள்ளி நகர்த்தக் கூடாது.

3100இல் கேஸ்கட் முதலில், புஷ்ராடும் ராக்கரும் அடுத்து, மேனிஃபோல்டு கடைசியில். புஷ்ராடின் அடி முனை லிஃப்டரின் குழியில் உட்கார்ந்ததா என்று ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்க்காமல் ராக்கரை இறுக்கக் கூடாது.

போல்ட் இறுக்கும் வரிசைக்குக் காரணம் உண்டு. மேனிஃபோல்டு, மரத்தில் அடித்த ஆப்புபோல, இரு சாய்முகங்களுக்கு நடுவே இறங்குகிறது. நேராக நிற்கும் போல்ட்டுகள் அதைக் கீழே இழுக்கின்றன. சாய்வான போல்ட்டுகள் ஹெட்டோடு சேர்த்து அழுத்துகின்றன. சாய்வானதை முதலில் இறுக்கினால் மேனிஃபோல்டு மேலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு நேரானதை எவ்வளவு இறுக்கினாலும் முழுதாக இறங்காது. முன் பின் விளிம்பில் ஆயில் கசியும். ஆகவே நேரானவை முதலில், இரண்டு சுற்றாக. முதல் சுற்றில் 7 நியூட்டன் மீட்டர், இறுதிச் சுற்றில் 13 என்பது 3100, 3400 இன்ஜின்களின் நேர் போல்ட்டுகளுக்கு வழக்கமான அளவு. சாய்வானவற்றின் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்த வண்டியின் கையேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். 13 நியூட்டன் மீட்டர் என்பது 115 இன்ச்-பவுண்டு. அதை ஃபுட்-பவுண்டு என்று படித்துவிட்டால் பன்னிரண்டு மடங்கு. போல்ட் உடையும், அல்லது அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்து வரும். சிறிய அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம். போல்ட் துளைகளில் கூலண்ட் தேங்கியிருந்தால் ஊதி எடுக்க வேண்டும். மரையில் கையேடு சொல்லும் பூட்டுப் பசையை இட வேண்டும். பழைய நைலான் சட்டம் தட்டையானபோது தளர்ந்தவை இதே போல்ட்டுகள்தான்.

கசிவு அடைப்பான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேடியேட்டரில் கரைத்து ஊற்றும் மாத்திரைகளைச் சில இன்ஜின்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸே ஆலையில் போட்டதுண்டு. வெளிப்பக்கச் சிறு கசிவுக்கு அவை கொஞ்ச நாள் உதவும். ஆயிலில் கூலண்ட் கலக்கும் கசிவை அவற்றை நம்பி விடுவது, ஓட ஓட இன்ஜினை இழப்பதற்குச் சமம்.

எல்லாம் பூட்டியபின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கழற்றும்போதே ஹெட்டில் தேங்கிய கூலண்ட் கொஞ்சமாவது பள்ளத்தில் சிந்தியிருக்கும். பேஸ்ட் முழுதாக இறுக, அதன் டப்பா சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகு கூலண்ட் ஊற்ற வேண்டும். 3100இல் தெர்மோஸ்டாட் அருகே காற்று வெளியேற்றும் ஸ்க்ரூ உண்டு. அதைத் திறந்து, குமிழி நின்று கூலண்ட் ஒரே சீராக வரும்வரை விட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் ஹீட்டர் குளிரும், டெம்பரேச்சர் முள் ஏறி இறங்கும், ஹெட் தனியாகச் சூடாகும். முன்பே ஆயிலில் கூலண்ட் கலந்திருந்த வண்டியில் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மின்னும் துகள் இருந்தால் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. அப்போது அடுத்துத் திறக்க வேண்டியது சம்ப். துகள் இல்லையென்றால், குளிர்ந்த இன்ஜினில் வாரம் ஒருமுறை கூலண்ட் மட்டத்தைக் குறித்துவைத்து, கோடு இறங்காமல் நிற்கிறதா என்று இரண்டு மாதம் பார்த்தால் போதும்.